முதற் குழியில் நுரைத்த மண்

சுண்ணாம்பு இல்லாத மேல்மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறது என்று ஒரு கார்த்திகை மாதம் முழுக்க எழுதி வைத்தோம். பிழை அதுதான். அதற்காக அந்தோனியையும் என்னையும் வேலையால் நிறுத்தி ஹைம் என்கிற அகதி விடுதிக்குத் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள்.

மண் வகை பார்க்கிற தொழிலில் பாதி நேரம் குனிய வேண்டும். மீதி நேரம், குனிந்தவர் நிமிரும்வரை காத்து நிற்க வேண்டும். எனக்கு இரண்டாவது ஒத்துவராது. எண்பதுகளில் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, மேற்கே கடந்து, அகதி விடுதிக் கட்டிலில் குந்தியிருந்து தபால்காரனைப் பார்த்தவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். நீங்கள் கோப்பை கழுவியிருப்பீர்கள், பூங்காவில் சருகு கூட்டியிருப்பீர்கள். எனக்கும் அந்தோனிக்கும் அகப்பட்டது மண். அசூல் என்கிற அகதித் தஞ்சம் முடிவாகாதவனுக்கு வேலை அனுமதி இல்லை, ஆனால் பொது வேலை செய்யலாம் என்றார்கள். நிலத்தில் துளை போடுவது பொது வேலையாம். போட்டோம்.

இடம் ஃபேமான் தீவு. வடக்கே, பாலம் தாண்டிப் போக வேண்டும். மரம் குறைவு, காற்று அதிகம், மண் கறுப்பு. தங்கினது தீசன் என்ற கமக்காரரின் வீட்டு மேல்மாடியில். அவருடைய மனைவி பிராவ் தீசன் எங்களுக்கும் சேர்த்துச் சமைத்தா. அந்த வீட்டில் ஒரு கயிற்றுத் துண்டு இடம் மாறினாலும் ஏன் என்று கேட்கிற மனிசி.

அந்தோனி மன்னார்க்காரன். என்னிலும் பார்க்க மிகவும் இளையவன். ஊரில் மாதா கோயிலில் மணி அடித்து, மெழுகுதிரித் தண்டுகளை விளக்கி, பூசைச் சாமான்களைப் பார்த்தவன். மனைவியும் பிள்ளையும் அங்கேதான். ஹைமில் அவன் சாப்பிடமாட்டான். யன்னலடியில் இருப்பான், கோப்பையில் சோறு காயும். மண் வேலைக்கு வந்த முதல் நாள், வயல் வரம்பில் நின்றபடி ஒரு முழுப் பாணைத் தின்று முடித்தான். ஆகவே அந்த வேலை போனால் அவனுக்கு என்ன போகும் என்று எனக்குத் தெரியும். நீங்களும் தெரிந்துகொண்டு மிச்சத்தைக் கேளுங்கள்.

எச்சில்

எங்கள் தலைவர் டொக்டர் ரைமர்ஸ். வருத்தம் பார்க்கிற டொக்டர் அல்ல, மண் படித்தவர். வேலை முறை இதுதான்: ஒரு ஆள் உயர இரும்புக் கோல். அதில் நீளப்பாட்டுக்கு வாய்க்கால் மாதிரி ஒரு தவாளிப்பு. அந்தோனி பெரிய சுத்தியலால் அதை நிலத்துக்குள் அடித்து இறக்குவான். நான் திருகி இழுப்பேன். மேலிருந்து கீழ்வரை மண் கிடந்த ஒழுங்கிலேயே தவாளிப்புக்குள் இருந்து வரும். டொக்டர் கத்தியால் அதை வழித்துச் சமப்படுத்துவார், நிறம் பார்ப்பார், கொஞ்சம் எடுத்து விரலால் உருட்டுவார், கடைசியில் அசிட் துளி விடுவார். நுரைத்தால் சுண்ணாம்பு உண்டு. பேசாமல் இருந்தால் இல்லை. அவ்வளவுதான் வித்தை.

உருட்டுவதற்கு மண் ஈரமாக இருக்க வேண்டும். முதல் நாள் அவர் உள்ளங்கையில் மண்ணை வைத்தார், துப்பினார், பிசைந்தார், பென்சில் மாதிரி உருட்டினார். இதில் களி எவ்வளவு என்று நீயும் பார் என்று அதை என்னிடம் நீட்டினார். நான் கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டேன். நாங்கள் செம்பில் தண்ணீர் குடித்தாலே வாய் படாமல் அண்ணாந்து ஊற்றுகிற ஆட்கள், மற்றவனுடைய எச்சில் மண்ணைத் தொடமாட்டோம் என்று எனக்குத் தெரிந்த டொச்சில், அந்த ஜேர்மன் பாஷையில், சொன்னேன். அடுத்த நாள் அந்தோனி ஒரு போத்தலில் தண்ணீர் கொண்டுவந்தான். டொக்டர் கை நீட்டும்போதெல்லாம் பக்குவமாக இரண்டு சொட்டு விட்டான். அவர் பொறுத்துக்கொண்டார்.

ஒரு நாள் வயலின் மற்றக் கரையில் நிற்கும்போது பார்த்தால் போத்தலைக் காணோம். எங்களை ஏற்றிவந்த வானுக்குள் விட்டுவிட்டோம். வான் தெருவில் நிற்கிறது. டொக்டர் கையில் மண்ணோடு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். காற்று வேறு. பிறகு துப்பினார். உருட்டிக்கொண்டே சொன்னார்: "என் வாயை நான் ஒரு நாளும் வானுக்குள் மறந்து விட்டு வந்ததில்லை, ஹெர் சிவா."

சுவீடன் கல்

கோல் சில இடங்களில் இறங்காது. டங் என்று கல்லில் முட்டும். அந்தோனியின் தோள்மூட்டு அதிரும். நான் உடனே, விடு, வேறு இடத்தில் குத்துவோம் என்பேன். டொக்டர் விடமாட்டார். கல்லைக் கிண்டி எடுத்துத் துடைத்து, கைக்குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு கதை சொல்லுவார்.

முந்தி ஒரு காலம் இந்த இடம் முழுவதும் பனிக்கட்டியாம், மலை உயரத்துக்கு. அந்தப் பனி வடக்கிலிருந்து நகர்ந்து வரும்போது கல், களி, சுண்ணாம்பு எல்லாவற்றையும் அரைத்து உருட்டிக்கொண்டு வந்து இங்கே போட்டுவிட்டு உருகிப்போனதாம். அடியில் கிடக்கிற மஞ்சட் சாம்பல் நிறக் களி அதுதானாம். அதன்மேல் புல் முளைத்து, வேர் செத்து, திரும்ப முளைத்துச் செத்து, மேல்மண் கறுத்ததாம். அமெரிக்காவில் கண்ணுக்கெட்டாத புல்வெளி நிலங்கள் இருக்கின்றனவே, அந்த மண்ணுக்கு இது சொந்தம் என்பது டொக்டருடைய கட்சி. மழை வரப்பார்க்கிறது என்றேன் நான். அவர் கல்லின் சிவப்புப் பொட்டுகளைக் காட்டி, இது சுவீடனில்தான் உண்டு, அங்கிருந்து வந்தது என்றார்.

அந்தோனி கல்லை வாங்கி அங்கும் இங்கும் திருப்பிப் பார்த்தான். தமிழில் என்னிடம் கேட்டான்: "இவ்வளவு காலமா இஞ்சை கிடக்குதே, இதுக்கெண்டாலும் அசூல் குடுத்திட்டாங்களோ அண்ணை?"

துரு

புரட்டாதி முடிய மழை பிடித்தது. கோல் துருப்பிடித்தது. ஒரு காலை டொக்டர் மண்ணில் செம்புள்ளிகளைக் கண்டு குதூகலமானார். செம்புள்ளி இருந்தால் அந்த நிலத்தில் தண்ணீர் தேங்குகிறது என்று அர்த்தம். எழுதவும் தொடங்கிவிட்டார். பிறகு விரலால் தொட்டுப் பார்த்தால் அது மண்ணின் துரு அல்ல, கோலின் துரு. அன்றைக்கு அந்தோனிக்கு நல்ல பேச்சு. கோலில் துரு இருந்தால் மண் பொய் சொல்லும், இனி ஒரு புள்ளிகூடக் காணக்கூடாது என்றார். அந்தோனி தலையைக் குனிந்து நின்றான். வேலை போகப்போகிறது என்று பயந்துவிட்டான்.

அன்று தொடங்கியது. பின்னேரம் வந்ததும் கோலைத் தூக்கிக்கொண்டு மாட்டுத் தொழுவத்துக்குப் போய்விடுவான். வைக்கோலைத் திரணை கட்டி, கோயில் பித்தளையை எப்படி விளக்கினானோ அப்படியே இதையும் விளக்கினான். தண்ணீர் பட்டால் திரும்பத் துருப்பிடிக்கும் என்று கழுவுவதில்லை. துணியால் ஒரு துடை, அவ்வளவு. வா, சூப் ஆறுது என்று நான் போய்க் கத்தினால்தான் வருவான். காலையில் டொக்டர் கோலைத் தூக்கிப் பார்த்துத் தொப்பியைச் சரிசெய்தார். "ஹெர் அந்தோனி, இனிமேல் நான் சவரம் செய்யக் கண்ணாடி கொண்டுவர வேண்டியதில்லை."

வாசலடி

குளிர் இறங்கியது, பிராவ் தீசன் அடுப்பு மூட்டத் தொடங்கினா. அந்த நாட்களில்தான் மண்ணும் நுரைக்கத் தொடங்கியது.

சுண்ணாம்பு எப்போதும் ஆழத்தில், அந்தப் பனிக்களியில்தான் இருக்கும். மேலே இருந்ததை மழை கழுவி இறக்கிவிடும். புரட்டாதி முழுக்க அப்படித்தான் கண்டோம். இப்போது என்னவென்றால், காலையில் போடுகிற முதற் குழியில் அசிட் விட்டால் மேலிருந்தே சுர்ரென்று நுரை. இரண்டாவது குழியில் ஒன்றும் இல்லை. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே. டொக்டர் முதலில் அசிட்டைச் சந்தேகித்தார். புதுப் போத்தல் வந்தது. அதுவும் நுரைத்தது. அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பாணைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பில் அங்கும் இங்கும் நடப்பார். அவர் நடக்க நானும் நடப்பேன், எனக்கு நின்றால் கால் விறைக்கும்.

பிறகு ஒரு விளக்கம் பிடித்தார். முதற் குழியை நாங்கள் எப்போதும் வான் நிற்கிற இடத்தில், வயல் வாசலடியில்தான் போடுவோம். அந்தக் காலத்தில் கமக்காரர்கள் கிடங்கு கிண்டிச் சுண்ணாம்புக் களியை வெட்டி, வண்டியில் கொண்டுவந்து வயலுக்கு எருவாகப் போடுவார்களாம். வண்டி வாசலில்தானே கொட்டும். ஆகவே வாசலடியில் சுண்ணாம்பு. சரியாகப் பொருந்தியது. மண் வகை குறிக்கிற நிலப் படத்தில் வாசல் வாசலாகப் பொட்டு வைத்து எழுதினார். சந்தோஷமாகச் சாப்பிட்டார். அதைத் தீசனிடம் சொல்லவும் போனார். தீசன் உழவு இயந்திரத்தில் இருந்து இறங்காமலே கேட்டுவிட்டுச் சொன்னார்: "என் நிலத்தில் களி வெட்டிய கிடங்கு எங்கே என்று காட்டுங்கள், டொக்டர். மழைக்குக் குளமாகியிருக்கும், நாளைக்கே வாத்து வாங்கி விடுகிறேன்."

நகம்

இடையில் ஒரு நாள் விசாவுக்கு முத்திரை குத்த அலுவலகம் போனோம். டெர்மின் என்று குறித்துத் தந்த நேரம் காலை. போய் நின்றால், கூப்பிட மத்தியானம். நான் கதவைப் பார்த்துக் கதவைப் பார்த்து அலுத்துப்போனேன். அந்தோனி தன் நகங்களை மறைத்துக்கொண்டு இருந்தான். அந்தக் கறுப்பு மண் ஈரத்தில் மெழுகு மாதிரி. நகத்துக்குள் புகுந்தால் சவர்க்காரத்துக்கு மசியாது.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மனிதர் ஒரு நாளும் எங்கள் முகத்தைப் பார்த்தவர் அல்ல. அன்று அந்தோனி பேனாவைப் பிடிக்க, கையைப் பார்த்தார். எங்கே வேலை என்று கேட்டார். தீவில் என்றேன். வேலை இருக்கும்வரை அங்கே தங்கலாம், நின்றுவிட்டால் அன்றைக்கே ஹைமுக்குத் திரும்ப வேண்டும் என்று எப்போதும் சொல்லுகிறதைச் சொன்னார். முத்திரை குத்தினார். கடதாசியைத் தள்ளிவிட்டு, முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். "நானும் அங்கே பிறந்தவன்தான். அந்த மண் போகாது, வீணாகத் தேய்க்காதீர்கள்."

கிடங்குக்குள் மூன்று பேர்

டொக்டருடைய கட்சியைப் பரிசோதிக்கப் பல்கலைக்கழகத்தில் இருந்து மூன்று பேர் வந்தார்கள். இந்த மண்ணுக்கு என்ன பெயர் வைப்பது என்பதுதான் வழக்கு. கறுப்பு எவ்வளவு ஆழம், சுண்ணாம்பு எந்த ஆழத்தில் தொடங்குகிறது, இரண்டையும் பார்த்துத்தான் பெயர். சுண்ணாம்பு கீழே கழுவுண்டு போயிருந்தால் டொக்டர் சொல்லுகிற புல்வெளி மண். மேலேயே இருந்தால் வேறு பெயர், வேறு சாதி. அவர் பல வருடமாகச் சொல்லி வந்தது அவ்வளவும் போச்சு.

அவர்கள் பார்ப்பதற்காக வயல் வாசலடியில் நெஞ்சளவு கிடங்கு வெட்டினோம். மண்வெட்டி வேலை, எனக்குப் பிடித்தது, காத்து நிற்கத் தேவையில்லை. வெட்டின சுவர் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. முழங்காலளவுக்கு நனைந்த கரி மாதிரிக் கறுப்பு. அதன் கீழே மண்ணிறக் களி, உடைத்தால் சிறு சிறு கட்டியாக உடைந்தது. அதற்கும் கீழே மஞ்சள், சுவீடன் கற்களோடு. மூன்று பேரும் உள்ளே இறங்கி நாலு பக்கமும் அசிட் விட்டார்கள். மஞ்சள் நுரைத்தது. கறுப்பு அசையவில்லை. ஒரு குமிழிகூட இல்லை. மழை தொடங்கியது. அவர்கள் ஏறவில்லை. மூட வேண்டியவன் நான், மண்வெட்டியோடு மேலே நின்று நனைகிறேன்.

மூவரில் மூத்தவர் டொக்டருடைய படத்தை விரித்துப் பார்த்தார். வாசல் வாசலாகப் பொட்டு. கமக்காரன் இல்லை என்கிறான், இந்த வாசலடிக் கிடங்கின் சுவரும் இல்லை என்கிறது, பிறகு எப்படி இத்தனை இடத்தில் மேலே சுண்ணாம்பு என்று கேட்டார். மூத்தவர் கிடங்குக்குள் இருந்தபடி எங்கள் இருவருடைய சப்பாத்துகளையும் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார், ஆனால் எனக்குக் கேட்டது: "சுவர் தானாக மாறாது, ரைமர்ஸ். கோலைப் பிடிக்கிற கைகளைக் கொஞ்சம் கவனியுங்கள்."

நடுவயல்

அடுத்த காலை டொக்டர் வானை வாசலில் நிறுத்தவில்லை. இறங்கி நடந்தார். நாங்கள் பின்னால். நடுவயலுக்கு வந்து, எந்தக் காலத்திலும் எந்த வண்டியும் கொட்டியிராத ஒரு இடத்தைக் காலால் காட்டினார். முதற் குழி இங்கே. அந்தோனி அடித்தான். நான் இழுத்தேன். டொக்டர் கத்தியால் வழித்து அசிட் விட்டார். மேலிருந்து கீழ்வரை நுரைத்தது.

அவர் எங்களைப் பார்த்த பார்வை விளங்கியது. கெதியாக முடிப்பதற்காக நாங்கள் கொட்டுண்ட மேல்மண்ணுக்குப் பதிலாக அடிமண்ணை மேலே அப்பி ஏமாற்றுகிறோம் என்று நினைத்துவிட்டார். அப்படி நினைக்க நான்தான் இடம் கொடுத்திருந்தேன். நாள் முழுக்க அவசரம், அவசரம் என்று நிற்கிறவன் நான். இழுத்தபடிதான் கொடுத்தேன், கையே வைக்கவில்லை என்று சொன்னேன். கோபத்தில் டொச் வராது, பாதி தமிழாகத்தான் வந்தது. அந்தோனி சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு நின்றான். "அண்ணை, கோலிலை ஒரு பொட்டுத் துரு இல்லை. இதுக்கு மேலை நான் என்ன செய்ய ஏலும்?" என்றான். நான் அதை மொழிபெயர்த்தேன்.

டொக்டர் கோலைத் தானே துடைத்து எடுத்துக்கொண்டார். "நாளைக் காலை உங்கள் இருவரையும் ஹைமில் இறக்கிவிடுகிறேன். சாமான்களைக் கட்டி வையுங்கள்."

சாம்பல் வாளி

அன்று பின்னேரம் நான் தொழுவத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். அந்தோனி பெட்டியைக் கட்டினான். பிறகு, சொன்னால் நம்பமாட்டீர்கள், வானில் கிடந்த கோலை எடுத்துக்கொண்டு விளக்கப் போனான். நாளைக்குப் போகப்போறம், இன்னும் ஏனடா என்று கேட்டேன். அழுக்கோடை குடுக்கப்பிடாது என்றான்.

சூப்புக்கு எல்லோரும் இருந்தோம். தீசன், டொக்டர், நாங்கள். அந்தோனி கரண்டியைத் தொடவில்லை. யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஹைமில் பார்த்த அதே பார்வை. இவன் அங்கே போய்ச் சேர முதலே அங்கே போய்விட்டான் என்று நினைத்தேன்.

அப்போது பிராவ் தீசன் வாளியோடு உள்ளே வந்தா. அடுப்புச் சாம்பல் போடுகிற தகர வாளி. கவிழ்த்துக் காட்டினா, அடியில் ஒன்றும் இல்லை. உறைபனி வந்தால் வாசற் படியில் தூவுவதற்கென்று சேர்க்கிற சாம்பல், அடுப்பு மூட்டின நாளில் இருந்து குறைந்துகொண்டே போகிறது, யார் எடுக்கிறது என்று கேட்டா. தீசன் தான் இல்லை என்றார். டொக்டர் நிமிரவும் இல்லை.

அந்தோனி எழும்பினான். முகம் செத்துப்போயிருந்தது. ஹைமுக்குப் போகிறது போதாதென்று இப்போது களவும் சேர்ந்துவிட்டது என்று நினைத்திருப்பான். "நான்தான். சாம்பலாலை கோல் விளக்கினனான்," என்றான். தமிழில். நான் டொச்சில் சொன்னேன். சொல்லும்போதுகூட எனக்கு ஒன்றும் ஓடவில்லை. சாம்பலால் விளக்குவது எங்களுக்குப் பல் தீட்டுவது மாதிரி, அதில் சொல்ல என்ன இருக்கிறது.

டொக்டருடைய கரண்டி பாதி வழியில் நின்றது. கோல் எங்கே என்று கேட்டார். அந்தோனி ஓடிப்போய்க் கொண்டுவந்தான். மினுங்கிக்கொண்டிருந்தது, தவாளிப்பின் மூலையில் மட்டும் மெல்லிய சாம்பல் பூச்சு. டொக்டர் சட்டைப் பையில் இருந்து அசிட் போத்தலை எடுத்து, மண்ணே இல்லாத அந்தக் கோலில் ஒரு துளி விட்டார். நுரைத்தது. இன்னொரு துளி. இன்னும் நுரை. விறகுச் சாம்பலில் சுண்ணாம்பு இருக்கிறது, அசிட் பட்டால் அதுவும் நுரைக்கும். ஒவ்வொரு காலையும் முதற் குழி அந்தச் சாம்பலைத் துடைத்து எடுத்தது, அவருடைய கத்தி அதை மண்மேல் இழுத்துவிட்டது, இரண்டாவது குழிக்குக் கோல் சுத்தம். அவர் கதிரையில் சாய்ந்தார். துரு வேண்டாம் என்று கத்தினது தான்தான் என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். பிறகு அந்தோனியிடம், பெட்டியை அவிழ்க்கலாம், வாசலடிக் குழிகள் எல்லாவற்றையும் திரும்பப் போட வேண்டும், வருடம் முடியும்வரை வேலை இருக்கிறது என்றார்.

திரும்பப் போட்டோம். கழுவின கோலால். ஒன்றும் நுரைக்கவில்லை, டொக்டருடைய மண்ணுக்கு டொக்டர் விரும்பின பெயரே கிடைத்தது. ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று மேசையில், ஒருவருக்கும் ஒன்றும் விளங்கி முடிய முதலே, பிராவ் தீசன் வாளியை அந்தோனியின் காலடியில் வைத்துவிட்டுச் சொன்னா: "சாம்பல் பிறகு பார்ப்போம், ஹெர் அந்தோனி. முதலில் சூப்பைக் குடியுங்கள்."

அவன் குடித்தான், இரண்டாந் தரமும் வாங்கிக் குடித்தான். இத்தனை பேர் குனிந்து குனிந்து பார்த்தும் பிடிபடாத பிழையை, குனியாமல் வாளியைக் கவிழ்த்துத் திருத்தியது பிராவ் தீசன்.